அம்மாவோடு திருகோணமலை: சக்கர நாற்காலி எதுவரை போகும்?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான். ஆகஸ்ட்டில் திருகோணமலைக்குக் கூட்டிப் போக ஆசை. கோணேசரைக் கும்பிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறா. எப்படித் திட்டமிடலாம்?

பதில் 1: நல்ல மாதம், தங்கச்சி. கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. பக்கத்துக் கடற்கரையான நிலாவெளியில் தங்குவதென்றால் வாசற்படி, குளியலறைக் கதவின் அகலம் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ‘வசதி இருக்கு’ என்ற வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம்.

பதில் 2: நான் உப்புவெளி. என் அப்பாவும் நாற்காலியில்தான், அதனால் சொல்கிறேன். கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள், சுவாமி மலை உச்சியில். ஏற்றமும் படிகளும் உண்டு. தூக்கிவிட இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். விடியற்காலைப் பூசைக்கே போய்விடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், மதியம் கல் கொதிக்கும். அப்புறம், கன்னியா வெந்நீரூற்றை விடாதீர்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் அங்கே குளியல், இறங்கத் தேவையில்லை. நனைந்தாலும் பரவாயில்லாத பிளாஸ்டிக் கதிரை ஒன்று கொண்டு போங்கள். தரை ஈரம், சக்கர நாற்காலியின் சில்லைக் கவனம். அம்மாவின் காலுக்கு முதலில் சூடு குறைந்த கிணற்று நீர். உணர்ச்சி குறைந்த கால் சூட்டைச் சொல்லாது.

பதில் 3: நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவை விடுங்கள், மணலில் இருந்து படகு ஏற்றுவது பாடு.

கேட்டவர்: மிக்க நன்றி அண்ணா. தம்பிமார் இருவரையும் கூட்டி வருகிறேன்.