ஸ்பெயின் காளைப்போர்: நேரில் பார்த்தவர்கள் சொல்வது

நான் பார்த்தது மாட்ரிட் லாஸ் வென்டாஸ் அரங்கில், சான் இசித்ரோ திருவிழா சமயம். நிழல் பக்கத்து டிக்கெட் கட்டுப்படியாகவில்லை, வெயில் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு மாலைக்கு மூன்று மட்டாடோர்கள் (காளையோடு மோதி வாளால் கொல்லும் முதன்மை வீரர்கள்), ஆளுக்கு இரண்டாக ஆறு காளைகள். கூட்டம் முழுக்க மட்டாடோரையே பார்த்தது. என் கண் போனதெல்லாம் அவரோடு வரும் குழுவின் மேல். காளையின் தோளில் குச்சி செருகும் மூன்று பண்டெரில்லேரோக்கள், குதிரைமேல் ஈட்டியோடு இரண்டு பிக்காடோர்கள்.

ஒரு பிக்காடோரின் குதிரை எங்கள் பக்கமாகவே வந்து நின்றது. கண்ணைத் துணியால் மறைத்திருந்தார்கள். உடம்பைச் சுற்றி மெத்தை மாதிரி தடித்த கவசம். காளை முட்டிய வேகத்தில் குதிரையின் முன்கால்கள் மேலே கிளம்பின, அப்புறம் மெல்ல ஊன்றி நின்றது. இந்தக் கவசம் கட்டாயமானது 1928-இல்தான். அதற்கு முன்பு குடல் சரிந்து செத்த குதிரைகளுக்குக் கணக்கே இல்லை.

பண்டெரில்லேரோ கையில் துணிகூடக் கிடையாது. இரண்டு வண்ணக் குச்சிகளோடு எதிரே ஓடி, கொம்புக்கு மேலாகக் கை நீட்டி, காளையின் தோளில் செருகிவிட்டு விலகுகிறார். அன்று பார்த்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான்.

வாளால் காளையைக் கொல்லும் கடைசிக் கட்டம் எனக்கு ஆகவில்லை. ஒரு மட்டாடோரின் வாள் எலும்பில் பட்டுத் தெறித்தது, திரும்பத் திரும்ப. கூட்டம் விசிலடித்து அவரைத் திட்டியது. காளை நின்றுகொண்டே இருந்தது. அந்தக் கட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து.

*

அண்ணா, நான் போனது வட ஸ்பெயினில் இருக்கும் பம்ப்லோனா நகரம். ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்குக் காளை ஓட்டம். எஸ்தாஃபெத்தா தெருவில் ஒரு பால்கனியில் நின்றேன். வெடிச் சத்தம் கேட்டது, கீழே ஆட்கள் ஓடினார்கள், காளைகள் கடந்து போயின, அவ்வளவுதான். முழு ஓட்டமே இரண்டு மூன்று நிமிடம். பின்னால் பச்சைச் சட்டையும் நீளக் கம்புமாக ஓடிய மேய்ப்பர்களைத்தான் நான் மறக்கவில்லை. காளை திரும்பி ஓடாமலும், யாரும் அதைச் சீண்டாமலும் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. ஒருவன் பின்னாலிருந்து காளையைத் தொடப் போனான், முதுகில் ஓர் அடி விழுந்தது. வேண்டியதுதான். காலையில் ஓடிய அதே காளைகள்தான் சாயங்காலம் அரங்கில் இறங்குகின்றன.

*

லாஸ் வென்டாஸ் வாசலில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் சிலையைக் கவனித்தீர்களா? 1964-இல் வைத்தது. வெண்கல மட்டாடோர் ஒருவர் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்கிறார். பென்சிலின் வருவதற்கு முன் கொம்புக் காயத்தில் சீழ் பிடித்தே எத்தனையோ பேர் செத்தார்கள். ஆனாலும் ஆபத்து போய்விடவில்லை. 2016-இல் தெருவேல் ஊரில் மட்டாடோர் விக்தோர் பாரியோ மார்பில் கொம்பு பாய்ந்து இறந்தபோது அவருக்கு 29 வயது. அந்த ஒளிபரப்பை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு போட்டிக்குப் போகவே மனசு வரவில்லை. காளை சாவதைப் பார்க்க முடியாது என்பவர்கள், போட்டி இல்லாத நாளில் பகலில் டிக்கெட் வாங்கி அரங்கைச் சுற்றிப் பார்க்கலாம்.