ஒரு நோயோ குணமோ குடும்பத்தில் இருந்தால் நமக்கும் வந்தே தீருமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அப்பாவுக்கு சுகர், பெரியப்பாவுக்கு சுகர், தாத்தாவுக்கும் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யார் பரிசோதித்தார்கள். அதனால் எனக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1, அதாவது சுகருக்கு முந்தைய நிலை, என்று வந்தபோது வீட்டில் ஒருவருக்கும் ஆச்சரியமே இல்லை, "நம்ம ரத்தம் அப்படி" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். டாக்டர்தான் விடவில்லை. அப்பா நடப்பாரா, பெரியப்பா நடப்பாரா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று குடும்பத்தையே விசாரித்தார். யாரும் நடப்பதில்லை! ஜீனோடு சேர்த்து உட்கார்ந்தே இருக்கும் பழக்கத்தையும் வழிவழியாக வாங்கியிருக்கிறோம். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றையும் சொன்னார்: சுகர் வரும் நிலையில் இருந்தவர்களில், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, எடையில் 7 சதவீதம் குறைப்பு என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். இப்போது நடக்கிறேன், அளவும் இறங்குகிறது.

*

நல்லது, ஆனால் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள் நண்பரே. நான் ஒல்லி, சிகரெட் தொட்டதில்லை, தினமும் ஓடுகிறவன். ஆனாலும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 230, ரொம்ப அதிகம். அதை ரத்தத்திலிருந்து கல்லீரல் இழுத்துக்கொள்ள உதவும் ரிசெப்டர் என்ற புரதத்தில் பிறவியிலேயே கோளாறாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இந்த மாதிரிப் பரம்பரைக் கொழுப்பு இருக்கிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. என் மாமா நாற்பதுகளில் மாரடைப்பில் போனார். எப்போதும் டென்ஷன், அதான் என்று பழியை அவர் குணத்தின் மேல் போட்டார்கள், பாவம். எனக்கு ஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை போட்ட பிறகுதான் இறங்கியது. தங்கச்சியையும் பார்க்கச் சொன்னேன், அவளுக்கும் இருக்கிறது.

*

குணம் என்றதும் ஞாபகம் வந்தது. என் கணவரும் கொழுந்தனாரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர், ஜீன் ஒன்றுதான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம், கேட்டால் தாத்தா புத்தி என்பார். அப்படியானால் தம்பிக்கு ஏன் வரவில்லை? இரட்டையர் ஆய்வுகளில், ஆளுக்கு ஆள் குணம் மாறுவதில் ஏறக்குறைய பாதிக்குத்தான் ஜீன் காரணம் என்று வருகிறது. அதுவும் பல பேரைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, இவர் கோபத்தில் பாதி தாத்தாவுடையது என்று பிரித்துக் கொடுக்க முடியாது. இவருக்கு வருஷக்கணக்கில் நைட் ஷிப்ட், தூக்கமே கிடையாது. பகல் ஷிப்டுக்கு மாறியதும் தாத்தா பாதி அடங்கிவிட்டார் :)

அப்புறம், கொழுப்பு பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி. குழந்தைகளுக்கு எந்த வயதில் பரிசோதிக்கச் சொன்னார்கள்? எங்கள் பக்கத்திலும் சின்ன வயது மாரடைப்பு உண்டு.