சவுண்டல் தழை தின்ற செம்மறிக் குட்டிகளுக்கு ரோமம் உதிர்கிறது, எடையும் ஏறவில்லை. என்ன கோளாறு?

ஆனேக்கல் பட்டி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் பட்டி. நாலு மாசக் கிடாய்க்குட்டிகள், சராசரி 15 கிலோ. கடலைப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகாமல் அதை அடியோடு நிறுத்தி, குட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ பச்சைச் சவுண்டல் (சூபாபுல்), 150 கிராம் மக்காச்சோளம், கொஞ்சம் ராகித்தாள் கொடுக்கிறோம். மூணு வாரத்தில் ரோமம் கொத்துக்கொத்தாக வருகிறது, எச்சில் வடிகிறது. சொறியா?

கால்நடை சார்: உதிர்ந்த இடத்தைப் பாருங்க. பொருக்கு தட்டி, சுவரில் உரசிக்கிட்டே இருந்தா சொறி. தோல் சுத்தமா இருந்து, அரிப்பே இல்லாம, லேசா இழுத்தாலே ரோமம் வந்தா அது சவுண்டலில் இருக்கிற மைமோசின் என்கிற நஞ்சு. எச்சிலும் வடியுதுன்னா பெரும்பாலும் இதுதான். தொண்டை வீக்கம் இருக்கான்னு தடவிப் பாருங்க. தைராய்டையும் அது பாதிக்கும். ஒன்றரை கிலோ பச்சைத்தழையில் காய்ந்த கணக்கு சுமார் 450 கிராம். குட்டி தின்கிற மொத்தமே 600 சொச்சம்தான்! சவுண்டல் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எச்சில் நிற்கும்வரை முழுசா நிறுத்துங்க, ரோமம் திரும்ப முளைக்கும். தொண்டை வீங்கியிருந்தா டாக்டரிடம் காட்டுங்க.

தீவனக் கணக்கு: அண்ணா, அப்புறம் இப்படிக் கலந்து பாருங்க. 15 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு, எல்லாம் காய்ந்த எடையில்: மக்காச்சோளம் 200 கிராம், மல்பெரி இலை 150, சவுண்டல் இலை 100, ராகித்தாள் 100, கடலைப் புண்ணாக்கு 50. புரதம் 16 சதவீதம் வரும். புண்ணாக்கை அடியோடு வெட்டுறது வீண் சிக்கனம். இலை புண்ணாக்குக்குத்தான் மாற்று, மக்காச்சோளத்துக்கு இல்லை; மாவுச்சத்து குறைஞ்சா சதை பிடிக்காது.

சவுண்டல்ல கொழுந்திலும் விதையிலும்தான் மைமோசின் அதிகம், ரெண்டையும் ஒதுக்குங்க. முத்தின இலையை நிழல்ல மெல்லிசா பரப்பி, கிளறிவிட்டு, கையில நொறுங்குற பதத்துக்குக் காயவைங்க. நஞ்சு குறையும், முழுசா போகாது. பூசணம் பிடிச்சா குப்பையில போடுங்க.

ஆனேக்கல் பட்டி: மல்பெரி பட்டுப்புழு வளர்க்கிறவங்ககிட்ட கிடைக்கும். புழு தின்ற மிச்சத்தை எடுக்கலாமா? கிளைரிசிடியா மரத்தழை வேலியில நிறைய இருக்கு, குட்டி மோந்துட்டு போயிடுது.

தீவனக் கணக்கு: புழுத்தட்டு மிச்சம் வேண்டாம், அதுல சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் இருக்கும். தோட்டத்து இலையையே வாங்குங்க. எந்த மருந்து, என்னைக்கு அடிச்சாங்கன்னு கேட்டு, அந்த மருந்துக்கான காத்திருப்பு நாள் முடிஞ்ச பிறகு வெட்டுங்க. கிளைரிசிடியாவை ஒரு ராத்திரி வாடவிட்டா வாடை அடங்கும்; முதல்ல ஒரு பிடி, ஒரு வாரத்துல கூட்டிக்கலாம்.

கால்நடை சார்: ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மாட்டுக்கான தாது உப்புக் கலவையைப் போடாதீங்க, அதில் உள்ள தாமிரம் செம்மறிக்கு ஆகாது. செம்மறிக்குன்னே இருக்கிறதை வாங்குங்க. தீவனத்தில் சாப்பாட்டு உப்பு ஒரு சதவீதம், எந்நேரமும் தண்ணி. மக்காச்சோளம் தின்கிற கிடாய்க்கு மூத்திரக்கல் அடைக்கிறது இதால் குறையும். எடையை வாரம் ஒரு தரம், காலையில் தீனிக்கு முன்னாடி, ஒரே தராசில் போடுங்க. வயிறு நிரம்பின குட்டியை எடை போட்டா கணக்கே தப்பும்.