மறு: கடற்படை 'கேப்டன்' – மீகாமனா, கப்பித்தானா?

> 'கேப்டன்' என்றால் மீகாமன். பழந்தமிழ்ச் சொல், முடித்துவிடலாமே.

ஐயா, வணக்கம்.

மீகாமன் அழகான சொல்தான், ஆனால் ஆள் மாறிப்போகிறது. பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலில் காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கப்பலைச் செலுத்தியவர் 'மாஸ்டர்', சண்டைக்குப் பொறுப்பு கேப்டன். நம் மீகாமன் அந்த மாஸ்டர்தான். சின்னக் கப்பல்களில் தனியாக மாஸ்டர் கிடையாது. ஒருவரே இரண்டையும் சுமந்ததால் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' என்றார்கள். 1794இல் முன்பாதி உதிர்ந்து கமாண்டர் மட்டும் நின்றது. லெப்டினன்ட் கமாண்டர் என்ற தரம் அங்கே வந்ததோ 1914இல்.

இன்னொரு சிக்கல். போன ஆவணியில் தக்கலையில் ஒரு கல்யாணம். அழைப்பிதழில் பெண்ணின் அண்ணன் பெயருக்கு முன்னாலும் கேப்டன், தாய்மாமா பெயருக்கு முன்னாலும் கேப்டன். அண்ணன் தரைப்படை, மாமா கடற்படை. கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம், அதாவது அந்தப் பையனுக்கு மூன்று படி மேலே. பந்தியில் ஒருவர் மாமாவிடம், "மருமகன் உங்களை எட்டிப் பிடிச்சிட்டாரே" என்றார். மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சிரித்தார், அவ்வளவுதான்.

போதாததற்கு, கேப்டனுக்கு இரண்டு படி கீழே இருக்கும் லெப்டினன்ட் கமாண்டர் ஒருவர் சிறு கப்பலை நடத்தினாலும் அந்தக் கப்பலுக்கு அவர்தான் கேப்டன். அது பொறுப்பு, தோள்பட்டையில் இருப்பது தரம். ஒரே சொல் இரண்டுக்கும் ஒத்துவராது.

என் யோசனை இது: பொறுப்புக்குக் 'கப்பல் தலைவர்', தரத்துக்குக் 'கப்பித்தான்'. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தாலும் எங்கள் பக்கம் பழகிய சொல். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாய், அப்புறம் திருவிதாங்கூர்ப் படையையே பழக்கி 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், ஆனார். உதயகிரிக் கோட்டையில் கூரை போன சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனோடு தமிழும் வெட்டிய கல்.

அவர் படை நடத்தியது தரையில்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் இன்று தரைப்படைக்காரரை யாரும் கப்பித்தான் என்பதில்லை, சொல் சும்மா கிடக்கிறது. வேர் வேறானாலும் காதில் 'கப்பல்' ஒலிக்கிறது, அதுவும் வசதி.

2023 டிசம்பர் 4 அன்று சிந்துதுர்க் கடற்படை நாள் விழாவில், பதவிப் பெயர்களை இந்திய மரபுப்படி மாற்றப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். அங்கிருந்து என்ன வந்தாலும், பழைய செய்திகளையும் வரலாற்றையும் எழுத நமக்கு இந்தச் சொற்கள் வேண்டும்.

லெப்டினன்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சு மூலத்தில் 'இடத்தில் நிற்பவர்', மேலாள் இல்லாதபோது அவர் இடத்தை ஏற்பவர். 'பதிலாள்' என்றால் லீவில் போன வாத்தியாருக்கு வந்தவர் மாதிரி இருக்கிறது. 'இடநிலையர்' என்று எழுதிப் பார்த்தேன், என் மகளே சிரிக்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?