பேணிக்குள் கேட்ட ரெகே: அந்த மூன்று மேளங்களுக்கும் பெயர் என்ன?

வயற்காவல் (முத்தையன்கட்டு):
கதிர் பால் பிடித்துவிட்டது. இனி அறுவடை மட்டும் காவற்கொட்டிலில்தான் படுக்கை. பன்றி வந்தால் தகரம் தட்டவேண்டும், யானை வந்தால் வெடி போடவேண்டும். இரண்டும் வராவிட்டால் நித்திரை வரும். மூன்றிலும் பொல்லாதது அதுதான். அதற்காக மருமகன் கைபேசியில் ஆவணப்படங்கள் ஏற்றித் தந்திருக்கிறான். முந்தாநாள் இரவு பார்த்தது ‘மார்லி’, 2012 இல் வந்தது. ஜமைக்காவின் ரெகே பாடகர் பொப் மார்லியை ஓட்டோக்களின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முகமாக மட்டுமே அறிந்திருந்தேன். 36 வயதிலேயே போய்விட்டாராம்.

அடுத்ததாக, மார்லியும் பின்பற்றிய ராஸ்தாபாரி மதத்தாரைப் பற்றிய சிறிய படமொன்று. சடைமுடிக் கிழவர்கள் வட்டமாக இருந்து மூன்று விதமான மேளம் தட்டுகிறார்கள். அவற்றின் பெயர் என்ன? ஜமைக்காவில் இருப்பவர்களுக்கு எத்தியோப்பிய அரசர் எப்படிக் கடவுளானார்? இன்னொன்று: சத்தம் காணாதென்று கைபேசியை வெறும் பால்மாப் பேணிக்குள் வைத்துக் கேட்டேன். கிட்டார் ‘சக், சக்’ என்று வெட்டுவது மட்டுமே கேட்டது. இந்த மெலிந்த பாட்டுக்கா உலகம் ஆடுகிறது?

ஒலிபெருக்கிக்காரன் (முள்ளியவளை):
அண்ணா, முதலில் பேணியைத் தூக்கி எறியுங்கள். ரெகேயைச் சுமப்பது பேஸ் கிட்டார். அந்த அடிச்சத்தம் கைபேசியின் சின்ன வாயால் வராது. நீங்கள் சோற்றை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் தின்றிருக்கிறீர்கள். யாரிடமாவது ஹெட்போன் இரவல் வாங்குங்கள்.

பிறகு நாலு எண்ணிக் கேளுங்கள். கிட்டாரின் வெட்டு இரண்டிலும் நாலிலும் விழும். ‘வன் டிரொப்’ என்ற அடியில் ஒன்று வெறுமையாகக் கிடக்கும். மூன்றில்தான் மேளம் விழும். மார்லியின் குழுவில் அதைக் கார்ல்டன் பரட் வாசித்தார், பேஸ் அவருடைய அண்ணன். சமத்தில், அதாவது முதல் எண்ணில், அடித்துப் பழகிய நம் கைக்கு முதல் நாள் சறுக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பெட்டி கட்டியபோது சோதனைக்காக ஒரு பாட்டைப் போட்டேன். கச்சான் விற்கும் ஆச்சி மூன்றாவது அடிக்குச் சரியாகத் தலையாட்டினார். கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த தலை!

நீங்கள் கேட்ட மூன்றும் நயபிங்கி மேளங்கள், ராஸ்தாக்களின் வழிபாட்டு மேளங்கள். பெரியது பேஸ், நடுவிலுள்ளது ஃபண்டே, சிறியது ரிப்பீட்டர். ஃபண்டே நெஞ்சுத் துடிப்பைப்போல் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஏறிப் பேசுவது ரிப்பீட்டர்.

ஓய்ந்த வாத்தியார் (நெடுங்கேணி):
தம்பி, ‘ராஸ்’ என்பது எத்தியோப்பியப் பிரபுக்களின் பட்டம், ‘தபாரி’ அந்த அரசரின் பெயர். 1930 நவம்பர் 2 இல் முடிசூடியபோது ஹைலி செலாசி ஆனார். ஜமைக்காவில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வெள்ளை அரசரின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்த காலம் அது. ஒரு கறுப்பு அரசர் முடிசூடினார் என்ற செய்தி அவர்களுக்கு வேதவாக்காகப் பட்டது. லெனார்ட் ஹவல் என்ற ஜமைக்காக்காரர் அதை ஊர் ஊராகப் பேசி, 1934 இல் அரச துரோகத்துக்காகச் சிறை போனார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட ‘கங்குங்குரு மராஜ்’ என்ற மறுபெயரில் ‘குரு’வும் ‘மகாராஜ்’உம் ஒலிப்பதைக் கவனியுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அரசரோ எத்தியோப்பியத் திருச்சபையின் கிறிஸ்தவர். 1966 ஏப்ரல் 21 இல் கிங்ஸ்டனில் இறங்க வந்தவரைச் சனம் சூழ்ந்துவிட்டது. மோர்ட்டிமர் பிளானோ என்ற ராஸ்தா மூத்தவர் விமானப் படியில் ஏறி வழிவிடச் சொன்ன பிறகே இறங்கினார்.

மாங்குளம் மைந்தன்:
கஞ்சாக் கூட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

ஓய்ந்த வாத்தியார் (நெடுங்கேணி):
‘கஞ்சா’ என்ற சொல்லே 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளோடு போனதுதான், மகனே. ராஸ்தாக்கள் இறைச்சியும் உப்பும் தவிர்த்துச் சமைக்கும் ‘ஐட்டல்’ சாப்பாட்டையும் சேர்த்துப் பேசும். 1963 இல் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலோடு பொலிஸார் ராஸ்தாக்களைப் பிடித்து அடைத்து, சடையை வெட்டினார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2017 இல். 54 வருடம்.

வயற்காவல் (முத்தையன்கட்டு):
அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நேற்று வெகுநேரம் விழித்திருந்தேன், வாத்தியார்.

மருமகளின் ஹெட்போனில் கேட்டேன், தம்பி. பேஸ் பிடரிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. முதல் எண்ணில் ஒன்றுமே இல்லாதபோது, இருட்டில் படி தவறியதுபோல் இருந்தது. பிறகு பன்றித் தகரத்தில் ஃபண்டேயைத் தட்டிப் பார்த்தேன்: டும் டும், விட்டு, டும் டும். பக்கத்துக் கொட்டில்காரர் சுகமில்லையா என்று கூப்பிட்டுக் கேட்டார். பன்றிகள் அதற்குள் வரம்பேறி அரைப் பரப்பை உழக்கிவிட்டன.