பொருள்: மறு: அசம்ப்ஷனுக்குத் தமிழ் (கணினி இயற்கணிதச் சொற்கள்)

வணக்கம். கணினி இயற்கணித மென்பொருள்களை (எண்களோடு குறியீடுகளையும் வைத்துக் கணக்கிடுபவை) தமிழாக்கும்போது, ஒரு மாறியைப் பற்றி நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் 'அசம்ப்ஷன்' என்பதற்கு எந்தச் சொல் என்பதே பேச்சு.

> அனுமானம் என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் இங்கே இடிக்கும். பிழைச்செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். பயனர் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான்.

சேஜ் என்ற கணித மென்பொருளிடம் எக்ஸ்ப்(−அ·க) என்ற அடுக்குச் சார்பை, க-வைப் பொறுத்து 0 முதல் முடிவிலி வரை தொகையிடச் (இன்டகிரேட் செய்யச்) சொல்லுங்கள். 1/அ வரும் என்று காத்திருப்போம், வருவது பிழை. பின்னணியில் தொகையிடுவது மாக்சிமா என்ற இன்னொரு மென்பொருள். அது "அ மிகையா, குறையா, பூச்சியமா?" என்று கேட்கும். மாக்சிமாவை நேரடியாக ஓட்டினால் பதிலைத் தட்டிவிடலாம். சேஜுக்குள் பதில் சொல்ல ஆளில்லை, அதனால் கேள்வியே பிழையாக வந்து விழுகிறது. கேள்வி நியாயமானதுதான்: அ மிகையெண்ணாக இல்லாவிட்டால் அந்தத் தொகை முடிவிலிக்கு ஓடிவிடும். அ > 0 என்று முன்னாலேயே சொல்லிவைத்தால் 1/அ ஒழுங்காக வரும்.

இந்த அ > 0 என்பதை யாரும் எதிலிருந்தும் அனுமானிக்கவில்லை. நாமாகக் கொடுத்தோம். அனுமானம் என்பது புகையைக் கண்டு நெருப்பு என்பது, அளவை நூல்கள் சொல்வது அதைத்தான். இதே வகை மென்பொருளான சிம்பையில் அந்த வேலையும் நடக்கிறது. ஒரு மாறியை மிகை என்று அறிவித்தால், அப்படியானால் அது மெய்யெண், பூச்சியம் அல்ல என்று அதுவே கண்டுகொள்ளும். நாம் கொடுத்தது ஒன்று, அதிலிருந்து மென்பொருள் பெற்றது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் உதவிப்பக்கம் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். பெற்றதற்கு அனுமானத்தை விட்டுவைப்போம். கொடுத்ததற்கு என் பரிந்துரை எடுகோள். இலங்கையில் இந்தப் பொருளிலேயே புழங்குகிற சொல், புதிதாகச் செய்ய வேண்டியதுகூட இல்லை.

> நிபந்தனை ஏன் கூடாது?

நிரலில் 'இஃப்' வரும் இடமெல்லாம் அது குடியேறிவிட்டது. தவிர, மேலே சொன்ன அதே கணக்கைச் சிம்பையிடம் கொடுத்தால் "இந்த நிபந்தனையில் 1/அ, இல்லாவிட்டால் தொகையிடாமல் அப்படியே" என்று துண்டு துண்டாக விடை தரும். அங்கே நிபந்தனை நமக்கு வேண்டும்.

எடுகோளில் இன்னொரு வசதி, வினையும் கூடவே வருகிறது. "அ > 0 எனக் கொள்க" என்று கணக்குப் புத்தகம் எப்போதும் எழுதுவதுதான். பெயர் எடுகோள், கட்டளை 'கொள்க', இரண்டும் ஒரே வேர்.

----

மறு: எடுகோளுக்கு என் ஆதரவு. ஆனால் கட்டளைக்கு 'என்க' போதாதா? தட்டுவதற்கும் சின்னது.

----

மறு: மறு: சின்னதுதான், ஆனால் "அ = 5 என்க" என்றும் எழுதுவோமே. அது மதிப்பு இடுவது. மாக்சிமாவில் "அ: 5" என்றால் அதற்குப்பின் அ இருக்கும் இடமெல்லாம் 5 ஆகிவிடும். எடுகோளில் அ அ-வாகவே இருக்கும், அதைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சேரும். ஆகவே மதிப்புக்கு 'என்க', எடுகோளுக்கு 'கொள்க'.

உதவிப்பக்கத்துக்கு √(க²) நல்ல எடுத்துக்காட்டு. சிம்பையில் எடுகோள் இல்லாமல் கேட்டால் அது √(க²) ஆகவே நிற்கும், ஏனென்றால் க சிக்கலெண்ணாகவும் இருக்கலாம். மெய்யெண் என்றால் |க|, மிகையெண் என்றால் க. மாக்சிமா மெய்யெண் என்றே வைத்துக்கொண்டு நேராக |க| தரும். "சுருக்கச் சொன்னேன், சுருக்கவில்லை" என்று வருகிற புகார்களில் பாதிக்காவது இதுவே பதில் என்பது என் எண்ணம்.

அப்புறம், பயனரைச் சுற்றலில் விடுகிற ஒன்றையும் அங்கே எழுத வேண்டும். சிம்பையில் க என்று எடுகோள் இல்லாமல் ஒரு மாறி, மிகை என்ற எடுகோளோடு அதே பெயரில் இன்னொன்று செய்தால் அவை இரண்டு வெவ்வேறு மாறிகள். திரையில் இரண்டும் க என்றே தெரியும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 0 வராது, "க − க" என்று நிற்கும். பிழைச்செய்தியும் கிடையாது. "பெயர் ஒன்று, எடுகோள் வேறு" என்று தலைப்பிடலாம்.

சேஜ் செய்திக்கு என் வரைவு: "கணிப்பு நின்றது. மாக்சிமா கூடுதல் கட்டுப்பாடு கேட்கிறது. முதலில் ஓர் எடுகோள் கொடுத்தால் தீரலாம்; எ-டு: கொள்க(அ > 0). அ மிகையா, குறையா, பூச்சியமா?" ஆங்கில மூலச் செய்தியில் 'தீரலாம்' என்ற பொருளில்தான் இருக்கிறது, அதைத் 'தீரும்' என்று ஆக்கிவிட வேண்டாம். 'கட்டுப்பாடு' பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள்.