பாட்டிக்கு வெந்நீர், விழுந்துகொண்டே இருக்கும் சுவிட்ச்

அத்தை, காலை 6:10
எல்லோருக்கும் வணக்கம். குளியலறை ஹீட்டரைப் போட்டவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். பெரியண்ணா, பார்த்தவுடன் பதில் சொல்லுங்கள்.

அக்கா, காலை 6:14
அத்தை, யாருக்கும் ஷாக் அடிக்கவில்லையே?

அத்தை, காலை 6:16
நேற்று மாலை குழாயைத் திறந்தபோது விரல் நுனியில் சுரீரென்று இருந்தது. கை ஈரமாக இருந்ததால் அப்படித் தோன்றியது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சித்தப்பா, காலை 6:19
இந்தப் புழுக்கத்தில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழத்தான் செய்யும். ஹீட்டர் லைனை மட்டும் அதிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்துவிட்டால் தொல்லை இருக்காது. நான் வந்து பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்.

பெரியப்பா, காலை 6:31
அதை யாரும் செய்யக் கூடாது. அந்த ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறிப் போனாலே துண்டித்துவிடும்படி அமைக்கப்பட்டது. அது விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள், நேற்று தங்கையின் விரலில் தெரிந்ததும் அந்தக் கசிவுதான். அதைத் தாண்டி இணைப்புக் கொடுத்தால் கசிவு நிற்காது, நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஈர உடம்போடு, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, 80 வயதைத் தாண்டிய அம்மா நிற்கும் இடம் அது. முதலில் ஹீட்டருக்கு மட்டும் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்கிவிடு. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தக் குளியலறையில் யாரும் குளிக்க வேண்டாம். அடுப்பில் வெந்நீர் போட்டு அடுத்த குளியலறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மாமா, காலை 6:34
இறக்கிவிட்டேன்.

நான், காலை 6:38
பெரியப்பா, மூன்று மாதங்களுக்கு முன்பு வரை ஒழுங்காக ஓடிய ஹீட்டர்தானே? கோடை முழுவதும் யாரும் அதைத் தொடவே இல்லையே. ஓடாத பொருள் எப்படிக் கெட்டது?

பெரியப்பா, காலை 6:57
ஓடாததால்தான் கெட்டது. எலிமெண்ட் என்று நாம் சொல்வது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவில் சூடாகும் சுருள் கம்பி இருக்கும், கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு தூளை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் கடத்துவது அந்தத் தூளின் வேலை. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. தினமும் ஓடும் ஹீட்டரில், புகுந்த கொஞ்ச ஈரமும் சூட்டிலேயே வெளியேறிவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் ஹீட்டரில், முனைகளிலுள்ள அடைப்பு பழசாகித் தளர்ந்திருந்தால், புழுக்கக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கித் தூளின் தடுப்பாற்றலைக் குறைத்துவிடும். அதனால்தான் கோடை கழிந்து போடும் முதல் நாளிலேயே சுவிட்ச் விழுகிறது. இன்னொரு வாய்ப்பும் உண்டு: உப்புப் படிந்து எலிமெண்டின் மேல்தோலே ஓட்டையாகியிருக்கலாம். இரண்டில் எது என்பதை மின்தடுப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும், இங்கிருந்து நான் ஊகிக்கக் கூடாது.

அக்கா, காலை 7:02
அப்படியானால் கோடையிலும் வாரம் ஒரு முறையாவது போட வேண்டுமா?

பெரியப்பா, காலை 7:05
ஆமாம். வாரம் ஒரு முறை முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, அந்த நீரைத் திறந்துவிட வேண்டும். தொட்டியில் நீர் தேங்கி நாறுவதும் அதனால் குறையும்.

அத்தை, காலை 7:08
நாற்றம் என்றதும் நினைவு வருகிறது. போன வாரம் சுடுநீர்க் குழாயைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை வந்தது. சாக்கடைதான் அடைத்துக்கொண்டது என்று மாமா ஒரு நாள் முழுவதும் அதைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

மாமா, காலை 7:09
சாக்கடையிலும் அடைப்பு இருந்தது.

பெரியப்பா, காலை 7:20
அந்த வாடை பெரும்பாலும் தொட்டிக்குள்ளிருந்து வந்திருக்கும். தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி தொங்கும், ஆனோடு என்பார்கள்; இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தொட்டியைக் காப்பது அது. தேங்கிய நீரில் வளரும் ஒருவகை பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அந்தக் கம்பியும் அதற்குத் துணையாகிவிடும். வாடைக்குப் பயந்து கம்பியையே கழற்றி எறிந்துவிடக் கூடாது, தொட்டி விரைவில் ஓட்டையாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்ற வேண்டும். இந்த ஹீட்டரில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

அத்தை, காலை 7:22
அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும், அண்ணா.

அண்ணன், காலை 7:30
காலை வணக்கம். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். இந்த வெயிலுக்கு ஹீட்டரே தேவையா? பாட்டிக்கு மட்டும் ஒரு வாளி நீரைக் காய்ச்சிக் கொடுத்துவிடலாமே, மின்சாரமும் மிச்சமாகும்.

அத்தை, காலை 7:33
கொதிக்கும் நீரைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் தினமும் நடப்பது நான்தான். எனக்கும் வயதாகிறது என்பது இந்தக் குழுவில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அண்ணன், காலை 7:35
மன்னித்துவிடுங்கள் அத்தை, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

நான், காலை 7:41
மின்சாரக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். அத்தை வீட்டுத் தொட்டி 25 லிட்டர், எலிமெண்ட் 2 கிலோவாட். உள்ளே வரும் நீர் இப்போது 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.87 யூனிட் ஆகும், 26 நிமிடத்தில் முடிந்துவிடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை 75இல் வைத்தால் 1.3 யூனிட்டும் 39 நிமிடமும் ஆகின்றன. அவ்வளவு சூடாக்கிவிட்டு அதில் பச்சைத் தண்ணீரை நிறையக் கலந்துதான் குளிக்கிறோம். அப்படியே 40இல் வைத்து நாள் முழுவதும் போட்டுவிட்டால் எல்லாவற்றையும்விடக் குறைவாகச் செலவாகுமல்லவா?

பெரியப்பா, காலை 7:58
கணக்கு சரி, முடிவு சரியில்லை. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அது கலந்த நீர்த்துளிகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நுரையீரல் காய்ச்சல் வரலாம், வயதானவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதனால் நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி 60 டிகிரியைத் தொட வேண்டும். ஆனால் 60 டிகிரி நீர் நேராகத் தோலில் பட்டால் ஐந்தாறு நொடிகளிலேயே ஆழமான தீப்புண்ணாகிவிடும், அம்மாவின் தோல் இன்னும் மெல்லியது. ஆகவே தொட்டியில் 60, குளியல் வாளியில் கலந்து முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அம்மாவுக்கு. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, சூடேறியதும் அணைத்துவிடுவதே இந்தப் பருவத்துக்குப் பொருத்தம். வெளிக்காற்று 35 டிகிரியாக இருக்கும்போது தொட்டிக்கும் காற்றுக்கும் 25 டிகிரி வித்தியாசம்தான். குளிர்காலத்தில் அதே வித்தியாசம் 45 வரை போகும். சூடு வீணாவது இப்போது குறைவுதான், இருந்தாலும் நாள் முழுவதும் எரியவிடுவதற்கு அது காரணமாகாது.

நான், காலை 8:01
புரிந்தது. 60க்கு மேல் ஏற்றினால் உப்புப் படிவதும் கூடும் என்று நீங்கள் முன்பு சொன்னதும் நினைவிருக்கிறது.

பெரியப்பா, காலை 8:04
ஆம். கடின நீரில் சூடு கூடக்கூட கால்சியம் கார்பனேட் பிரிந்து எலிமெண்டில் ஒட்டும். அந்தப் படிவு கம்பளி போர்த்தியதுபோல் வெப்பத்தைத் தடுத்து, உள்ளே இருக்கும் எலிமெண்டையே எரித்துவிடும். சூடேறும்போது சடசடவென்று சத்தம் கேட்டால் படிவு கூடிவிட்டது என்று அறியலாம்.

அத்தை, காலை 8:10
சத்தம் கேட்டதில்லை. ஆனால் ஹீட்டரின் அடியிலும் பக்கத்துச் சுவரிலும் அதிகாலையில் நீர்த்துளிகள் நிற்கின்றன.

சித்தப்பா, காலை 8:12
அப்படியானால் தொட்டி ஓட்டைதான். புதிது வாங்குவதே நல்லது. இதை வாங்கும்போதே நான் வேறொன்றைச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா, காலை 8:24
பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், 28 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். அதிகாலையில் நிலத்தடியிலிருந்து ஏறிய நீர் 26 டிகிரியாக இருந்தால் குளிர்ந்த நீர்க்குழாய் வியர்க்கத்தான் செய்யும். உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, எந்த இடத்தில் மீண்டும் துளிர்க்கிறது என்று பாருங்கள்: குழாய் நெடுகப் பரவலாக வந்தால் வியர்வை, இணைப்பிலோ தொட்டியைப் பற்றவைத்த இடத்திலோ ஒரே புள்ளியில் வந்தால் கசிவு. வியர்வைதான் என்றாலும் அலட்சியம் கூடாது. அந்தத் துளி வழிந்து மின்முனைகளின் மூடிக்குள் போனால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும், இணைப்பு தளர்ந்து சூடாகும். குளிர்நீர்க் குழாய்க்கு நுரை உறை போட்டு, குளித்த பிறகு வெளியேற்று விசிறியை இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். அதோடு, அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்விலிருந்து வரும் வடிகுழாயையும் பாருங்கள், அதில் சொட்டினால் பயப்பட வேண்டாம்.

மாமா, காலை 8:29
அதில் எதுவும் சொட்டுவதில்லை. போன ஆண்டு அதற்கு மூடி போட்டாயிற்று.

பெரியப்பா, காலை 8:30
யார் போட்டது?

சித்தப்பா, காலை 8:36
நான்தான். தினமும் சொட்டி அம்மா வழுக்கிவிடுவாரோ என்று தங்கை பயந்ததால் அடைத்தேன். இரண்டு நாள் யாரும் வராததால்தான் நான் போனேன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரியப்பா, காலை 8:52
நீ போனது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூடியை இன்றே எடுக்க வேண்டும். நீர் 30 டிகிரியிலிருந்து 60க்குப் போகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 1.3 பங்கு விரியும். 25 லிட்டருக்கு அது 300 மில்லிலிட்டருக்கும் மேல். உள்ளே வரும் குழாயில் நீரைத் திரும்பிப் போக விடாத வால்வு இருப்பதால் அந்த நீருக்கு வேறு வழியில்லை, அந்தச் சொட்டுதான் வழி. ஒருவேளை சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அதற்கு மேலுள்ள பாதுகாப்புத் துண்டிப்பும் சேர்ந்து பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால் தொட்டி வெடித்துவிடும். ஓராண்டாக அம்மா அதன் அடியில் குளித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. சொட்டுநீரை ஒரு குழாய் வைத்துத் தரைத்துவாரம் வரை இறக்கிவிட்டால் வழுக்கவும் செய்யாது.

சித்தப்பா, காலை 8:58
எனக்கு அது தெரியாது, அண்ணா. நானே வந்து எடுத்துவிடுகிறேன்.

அத்தை, காலை 9:01
இதில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். சொல்லி அழைத்தது நான்தான்.

அக்கா, காலை 9:10
நம் வீட்டில் இருப்பதுபோல் காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் ஹீட்டரை அத்தை வீட்டுக்கும் யோசிக்கலாம். புழுக்கமான காற்றில்தான் அது நன்றாக வேலை செய்கிறது; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது, அறையின் ஈரமும் குறைகிறது. வடிகட்டியைத் துடைப்பதையும், கழிவுநீர்க் குழாய் அடைக்காமல் பார்ப்பதையும் மட்டும் விடக் கூடாது.

அண்ணன், காலை 9:13
சூரிய ஹீட்டரும் நல்லதுதான். மாடியில் இடம் இருக்கிறது.

மாமா, காலை 9:15
மாடியில் இடமில்லை. துணி காயப்போடவே போதவில்லை.

பெரியப்பா, காலை 9:21
எதை வாங்குவது, செலவை எப்படிப் பகிர்வது என்பதையெல்லாம் பழுது என்னவென்று தெரிந்த பிறகு பேசலாம். ஹீட் பம்பின் தொட்டி பெரியது, அந்தச் சுவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அத்தை, காலை 11:46
எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். மூடியைத் திறந்தால் மின்முனைகள் இரண்டிலும் பச்சைக் களிம்பு. எர்த் கம்பி அதன் திருகிலிருந்து கழன்றே இருந்தது, நேற்றைய சுரீர் எதனால் என்று அவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. எலிமெண்டை அளந்து பார்த்து, ஈரம் இறங்கியிருக்கிறது என்கிறார். கழற்றி உலர்த்தினால் சரியாகலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாதாம். ஆனோடு கம்பியில் நடுக்கம்பி மட்டுமே மிச்சம்.

பெரியப்பா, காலை 11:50
உலர்த்த வேண்டாம், எலிமெண்டையே மாற்றச் சொல். நீர் கசியாமல் தடுக்கும் அதன் கேஸ்கெட்டையும் ஆனோடையும் சேர்த்து மாற்றட்டும். எர்த் சரியாகச் சேர்ந்ததா என்று கருவி வைத்து அளந்து, அதை உன் கண்ணால் பார்த்த பிறகு அவரை அனுப்பு. தொட்டியில் நீர் முழுவதும் நிரம்பி, குழாயில் காற்று இல்லாமல் நீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

மாமா, பகல் 12:04
தொட்டியைத் துடைத்துப் பார்த்தேன். குழாய் நெடுகத் துளிர்க்கிறது. அடியில் ஒரே இடத்திலும் துளிர்க்கிற மாதிரி இருக்கிறது, தெளிவாகத் தெரியவில்லை.

சித்தப்பா, பகல் 12:07
நான் சொன்னேனே.

பெரியப்பா, பகல் 12:11
அந்த இடத்தில் உலர்ந்த காகிதத்தை ஒட்டி வைத்து மாலையில் பாருங்கள். அதுவரை எலிமெண்ட் வாங்க வேண்டாம். தொட்டியே கசிந்தால் அந்தச் செலவு வீண்.

அத்தை, பகல் 12:15
அப்படியானால் எலக்ட்ரீஷியனை இப்போது அனுப்பிவிடவா, நிறுத்தி வைக்கவா?

சித்தப்பா, பகல் 12:18
எர்த்தை மட்டும் சேர்த்துவிட்டு அனுப்பு. நான் மாலை ஆறு மணிக்கு வந்து மூடியை எடுக்கிறேன், காகிதத்தையும் பார்க்கிறேன். ஹீட்டரைப் போட மாட்டேன், அண்ணா.

அத்தை, பகல் 12:20
சரி. அம்மாவுக்கு அடுப்பில் நீர் வைத்துவிட்டேன். தூக்க மாமா வந்திருக்கிறார்.